பொய்ப்பல்லும் மெய்யெழுத்தும்

பல்லிழந்தவர் செயற்கைப் பல் கட்டிக்கொண்டால் அதனைப் 'பொய்ப்பல்' என்பது எம்மவர் வழக்கு. கண் மங்கியவர் அணியும் மூக்குக்கண்ணாடியைப் பொய்க்கண் என்பார் இல்லை. பல்லுக்கு மாத்திரம் இப்பழி ஏன்? பல்லை முகத்துக்கு அணி என்று மட்டும் கருதுவதே காரணம். 'வயது போன காலத்தில் எதற்கு இந்த ஒப்பனை?' என்னும் வினாவும் அக்கருத்தின் பிள்ளையே.

தமிழிலக்கணம் பல்லை அவ்வாறு கருதவில்லை. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டினையும் எழுத்துப் பிறப்புக்கு உரியனவாகத் தொல்காப்பியப் பிறப்பியல் வகுக்கின்றது. நன்னூலாரும் இதழ், நா, அண்ணம் என்பவற்றோடு பல்லை வைத்து எண்ணினார். நா நுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கின்றன. மேற்பல் கீழிதழைப் பொருந்த வகரம் பிறக்கின்றது. முன்பல் இழந்தவர் வாயில் 'தவம்' என்னும் சிறு சொல் படும் பாட்டைக் கேட்டவர்க்கு இவ்விதிக்கு வேறு உரை வேண்டுவதில்லை.

அக்கரைப்பற்றிலே குர்ஆன் ஓதும் பிள்ளைகள் தஜ்வீத் முறையில் அறிவதும் இதுவே. மேல் முன்பல்லின் நுனி கீழுதட்டின் உட்புறத்தைத் தொட 'ஃபா' பிறக்கின்றது. நா நுனி மேற்பல் நுனியைத் தொடப் பிறப்பன வேறு மூன்றெழுத்து. இரு மொழியின் இலக்கண மரபும் பல்லை எழுத்தின் கருவியென்றே கொண்டன.

மார்க்கம் தடுக்குமோ என்று ஐயுறுவாருமுளர். போரிலே மூக்கிழந்த அர்பஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து பொருத்த, அது நாற்றமெடுத்தது. பொன்னால் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இச்செய்தி உண்டு. பல்லைப் பொன்னாற் கட்டுதலுக்கும் சட்ட அறிஞர் இதனையே ஆதாரமாகக் காட்டினர்.

'முன்னோர் பல்லின்றி வாழவில்லையா?' எனின், வாழ்ந்தனர். சிறு உரலில் வெற்றிலை இடித்தும் கஞ்சி குடித்தும் வாழ்ந்தனர். ஆயின் வாழ்தல் வேறு, சபையிற் பேசுதல் வேறு. சொல் சிதைவதை உணர்ந்த முதியவர் முதலில் வாயைக் கையால் மறைக்கின்றார்; பின்னர்ப் பேச்சைக் குறைக்கின்றார்; முடிவில் சபைக்கே வாராதொழிகின்றார். எமது பகுதியின் நாட்டார் கவிகளும் பழமொழிகளும் ஏட்டைவிட முதியோர் வாயிலேயே மிகுதியும் வாழ்ந்தவை. அவ்வாய் அடைபடின் இழப்பு ஒரு குடும்பத்தினது மட்டுமன்று.

ஜோர்ஜ் வாஷிங்டன் 1789ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது அவர்க்கு எஞ்சிய சொந்தப் பல் ஒன்றே. நீர்யானைத் தந்தமும் உலோகமும் கொண்டு செய்த பாரமான பற்கள் அவரை வருத்தின. இன்றோ இலேசான அக்ரிலிக் தட்டிலே பல் அமைகின்றது. எனினும் காலந்தாழ்த்தல் தகாது. பல் விழுந்த இடத்துத் தாடையெலும்பு நாளடைவில் தேயும், அயற்பற்கள் சாயும், பின்னர்ப் பொருத்துதல் அரிதாகும். கைத்தொழிலாகக் கற்றவரிடம் மலிவுக்குக் கட்டாது, தகுதிபெற்ற பல் வைத்தியரையே நாடல் வேண்டும். புதுப்பல் தொடக்கத்தில் நாவைத் தடுக்கும். நாடோறும் உரத்து வாசித்துப் பழகின் சொல் திருந்தும். இரவிலே கழற்றித் துலக்கி நீரில் இடுதல் நன்று. வெற்றிலை பாக்கு மெல்லுவோர் வாயில் ஆறாத புண் கண்டால், அதனைப் பல் உராய்ந்த புண் என்று எண்ணி வாளாவிருத்தலாகாது.

இலவசமாக மூக்குக்கண்ணாடி வழங்கும் நற்பணி மன்றங்களும் தனவந்தரும் வறிய முதியோரின் பல்லையும் நினைத்தல் வேண்டும். படிக்கக் கண் கொடுப்பது அறமெனின், பேச வாய் கொடுப்பதும் அறமே. பிள்ளைகளும், தந்தை கேட்கட்டும் என்று காத்திராது தாமே அழைத்துச் செல்வாராக. நாணத்தால் அவர் கேளார்.

மெய்யெழுத்தைத் திருத்தமுறப் பிறப்பிக்கும் ஒன்றைப் பொய் என்றல் பொருந்தாது. கட்டுப்பல் என்னும் நல்ல சொல் எம்மிடம் இருக்கின்றது, அதுவே வழங்குக.