கையெழுத்து மேடையும் மத்தளம்பாறையும்

இரு கண்டங்களுக்கிடையே வணிகம் வளர என்ன வழி என்று யாரைக் கேட்டாலும் கைவசம் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். மாநாடு கூட்ட வேண்டும், தூதுக்குழு போய்வர வேண்டும், புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாக வேண்டும். கோட்டு அணிந்த இருவர் தோலுறைக் கோப்புகளை மாற்றிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம் மறுநாள் நாளிதழில் வந்துவிட்டால், ஒரு கண்டம் இன்னொரு கண்டத்தோடு பேசி முடித்துவிட்டதாக நம்பிவிடுகிறோம். ஆளுங்கட்சி அதைச் சாதனை என்கிறது. எதிர்க்கட்சி வெள்ளை அறிக்கை கேட்கிறது. ஆட்சி மாறினால் வசனங்கள் கைமாறுகின்றன. சண்டையெல்லாம் அறிவித்த தொகை வந்து சேர்ந்ததா என்பதைப் பற்றித்தான். கையெழுத்தில்தான் வணிக உறவு தொடங்குகிறது என்ற அடிப்படை நம்பிக்கையை இரு தரப்பும் தொடுவதே இல்லை. அந்த நம்பிக்கையே பிழை என்கிறேன். அதற்குச் சான்று தேடி டாவோஸ் வரை போக வேண்டியதில்லை, தென்காசி போதும்.

முதலில் மேடைக் கணக்கைப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டு உலக முதலீட்டாளர் மாநாட்டில் 2015-ல் அறிவிக்கப்பட்ட தொகை 2.42 லட்சம் கோடி ரூபாய். 2019-ல் 3 லட்சம் கோடி. 2024 ஜனவரியில் 631 ஒப்பந்தங்களுடன் 6.64 லட்சம் கோடி. எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. ஆனால் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாத தாள். செய்யாவிட்டால் அபராதம் இல்லை, வழக்கும் இல்லை. நாடுகளுக்கிடையே போனாலும் கதை இதுதான். 2025 பிப்ரவரியில் இந்தியப் பிரதமரும் அமெரிக்க அதிபரும் வாஷிங்டனில் சந்தித்து, இரு நாட்டு வணிகத்தை 2030-க்குள் 50,000 கோடி டாலராக உயர்த்துவோம் என்று கூட்டாக அறிவித்தார்கள். அரை ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. திருப்பூர்ப் பனியன்காரருக்கும் தூத்துக்குடி இறால் ஏற்றுமதியாளருக்கும் அந்தக் கூட்டறிக்கை ஒரு நாள்கூடக் குடை பிடிக்கவில்லை. ஆப்பிரிக்காவோடு நம் உறவைப் பேச இந்திய-ஆப்பிரிக்க உச்சி மாநாடு 2008-லும் 2011-லும் 2015-லும் கூடியது. கடைசியாகக் கூடியபோது 54 நாடுகளையும் அழைத்திருந்தார்கள். அதற்கடுத்தது பத்து ஆண்டுக்கு மேல் தள்ளிப்போனது. அந்தப் பத்தாண்டிலும் ஆப்பிரிக்காவின் கொட்டை முந்திரி கப்பலில் வந்துகொண்டுதான் இருந்தது, இந்தியப் பெண்கள் அதை உடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மாநாடு இல்லை என்று எந்தக் கப்பலும் துறைமுகத்துக்கு வெளியே நின்றுவிடவில்லை.

சரக்கு கடல் கடந்துவிட்டாலே கண்டங்கள் பேசிக்கொண்டதாக ஆகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. குற்றாலமே அதற்குச் சாட்சி. ஜாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளின் மக்களை 1621-ல் கொன்று குவித்து டச்சுக் கம்பெனி வாசனைச் சரக்கில் ஏகபோகம் பெற்றது. 1796-ல் ஆங்கிலேயர் மொலுக்கஸ் தீவுகளைக் கைப்பற்றியதும், ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளைத் தம் வசமிருந்த ஊர்களுக்கெல்லாம் அனுப்பி நட்டுப் பார்த்தார்கள். அப்படி ஆங்கிலேயக் கம்பெனியின் வாசனைத் தோட்டங்கள் அமைந்த இடங்களில் குற்றாலமும் ஒன்று. அருவிச் சாரலும் மலைச்சரிவும் அந்த மரங்களுக்கு ஒத்துப்போயின. ஆனால் எதை நடுவது, என்ன விலைக்கு விற்பது, எப்போது கைவிடுவது எல்லாம் வேறெங்கோ முடிவானது. மலையடிவாரத்துக்காரன் நாற்று நட்டான், தண்ணீர் ஊற்றினான். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை, அவனுக்கும் யாரிடமும் எதுவும் சொல்ல வழியில்லை. ஐரோப்பாவும் ஆசியாவும் ஒரே தோட்டத்தில் நின்றும் அங்கே உரையாடல் என்று ஒன்று நடக்கவில்லை. ஜாதிக்காய் என்றால் உலகச் சந்தை இன்று இந்தோனேசியாவையும், அதைத் தேசியக் கொடியிலேயே பொறித்துக்கொண்ட கரீபியக் குட்டி நாடான கிரெனடாவையும் சொல்லும், குற்றாலத்தைச் சொல்லாது. சீசனில் வண்டியை நிறுத்தி மங்குஸ்தான் வாங்குகிறவர்களுக்கும் அந்தப் பழமரம் கீழைத் தீவுகளிலிருந்து வந்தது என்பது நினைவில் இருப்பதில்லை.

கம்பெனி போய் நாளாயிற்று, இப்போது அப்படியா என்று கேட்கலாம். பீடியைப் பாருங்கள். ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம் பக்கம் வாசல் திண்ணையில் மடியில் சொளகை வைத்துக்கொண்டு, இலையை அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டுகிற பெண்களை இன்றும் பார்க்கலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கழித்துக்கட்டியது போக மீதிக்குத்தான் கணக்கு. 1990-களில் அமெரிக்க இளைஞர்களிடையே வாசனை ஏற்றிய பீடி ஒரு நாகரிகமாகப் பரவியது. 1999-ல், கொத்தடிமைச் சிறார் உழைப்பில் தயாரானது என்ற காரணத்தைச் சொல்லி, ஓர் இந்திய பீடி நிறுவனத்தின் சரக்கு உள்ளே வர அமெரிக்கச் சுங்கத்துறை தடை போட்டது. கேட்ட கேள்வி நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கேட்டது துறைமுகத்தில், பதில் சொன்னது அலுவலகத்தில். தொழில் நடக்கிற திண்ணைக்கு அந்தக் கேள்வி வரவே இல்லை. என்ன கூலி தந்தால் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று பீடி சுற்றுகிறவளைக் கேட்கும் ஏற்பாடு அந்த வணிகத்தில் எங்குமே இல்லை. சரக்கு போயிற்று, பணம் வந்தது, தடையும் வந்தது. பேச்சு மட்டும் நடக்கவில்லை.

அப்படியானால் எதைத்தான் பேச்சு என்பது? வாங்கியவர் குறை சொல்ல முடிந்து, விற்றவர் அதைக் கேட்டுத் தம் பொருளை மாற்றும்போது நடப்பதைத்தான். இதற்கு என்னிடமுள்ள சிறந்த உதாரணமும் தென்காசி மாவட்டத்திலேயே இருக்கிறது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009-ல் பெயர் மாற்றிக்கொண்ட ஜோஹோ நிறுவனம், 2011-ஐ ஒட்டி விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்களுடன் மத்தளம்பாறையில் ஓர் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் அங்கே உருவாகி 2016-ல் உலகச் சந்தைக்குப் போனது. அது செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். டெக்சாஸில் ஒரு வியாபாரி காலை 9 மணிக்குக் கடை திறக்கிறார். பில்லில் வரி தவறாக விழுகிறது என்று தனக்கு மென்பொருள் விற்ற நிறுவனத்துக்கு எழுதுகிறார். இந்தியாவில் அப்போது இரவு 7.30, அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் 8.30. அந்தப் புகாருக்கு ஓர் எண் விழுகிறது, டிக்கெட் என்பார்கள். யார் பார்ப்பது, எத்தனை மணிக்குள் பதில், முன்பு இதே ஆள் என்ன கேட்டார், போன தடவை என்ன சொன்னோம் எல்லாம் அதன் அருகில் வந்து நிற்கும். பதில் திருப்தி தரவில்லையென்றால் டிக்கெட் மறுபடி திறக்கும். ஒரே புகார் நாற்பது பேரிடமிருந்து வந்தால் கோளாறு வாடிக்கையாளரிடம் இல்லை, பொருளில்தான் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும். எந்த உச்சி மாநாட்டுக் கூட்டறிக்கையிலும் இந்தக் கட்டாயம் கிடையாது.

இது ஒரு தனிமனிதரின் சாகசம், இதைக் காட்டி ஊருக்கெல்லாம் வழி சொல்லக் கூடாது என்பார்கள். பாதி சரி. ஜோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றவர், குவால்காமில் வேலை பார்த்தவர், நெடுங்காலம் அமெரிக்காவில் இருந்துவிட்டு 2019-ல்தான் மத்தளம்பாறைக்குக் குடிவந்தார். கிராமத்தில் கம்ப்யூட்டரை வைத்தால் டாலர் கொட்டும் என்று இதைப் படித்துக்கொள்கிறவர்கள் மாநாட்டு பக்தர்களைவிட மோசமாக ஏமாறுகிறார்கள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். நிறுவனம் தொடங்கியதற்கும் தென்காசி அலுவலகத்துக்கும் இடையே சுமார் பதினைந்து ஆண்டு இருக்கிறது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு விற்று, திட்டு வாங்கி, திருத்தி, மறுபடி விற்ற ஆண்டுகள் அவை. அந்தப் பழக்கம் கைவந்த பிறகு, வேலை சென்னையில் நடக்கிறதா பொதிகை அடிவாரத்தில் நடக்கிறதா என்பது வாங்குகிறவருக்கு ஒரு பொருட்டாக இல்லை. பட்டப்படிப்பு இல்லாத பிளஸ் டூ, டிப்ளமோ மாணவர்களை அந்த நிறுவனம் தன் பள்ளியில் உதவித்தொகை கொடுத்துப் பழக்கி வேலைக்கு எடுத்ததும் இதனால்தான் சாத்தியமாயிற்று. அந்நியரோடு பேசக் கற்பது சான்றிதழால் வருவதில்லை என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். சாகசம் என்று ஒதுக்குவதைவிட, அந்தப் பதினைந்து ஆண்டில் என்ன நடந்தது என்று கேட்பது பயன் தரும். விதிவிலக்கு என்று சொல்வதற்கு முன் இதே மாவட்டத்துக் கடையநல்லூரையும் நினைத்துக்கொள்ளலாம். கண்டம் மாறவில்லை, கடல்தான் மாறியது என்றாலும், பிழைக்கப் போன அந்த ஊர்க்காரர்கள் சிங்கப்பூரில் தங்கள் சங்கத்தின் மூலம் 1946-ல் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியே நிறுவினார்கள். எந்தத் தூதுக்குழுவும் அவர்களை அழைத்துப் போகவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று உண்டு. அரசு இல்லாமல் துறைமுகம் ஏது, மின்சாரம் ஏது, விசா ஏது? கையெழுத்துக்குப் பின் தொழிற்சாலை எழுந்ததே இல்லையா? எழுந்திருக்கிறது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2024 ஜனவரி மாநாட்டில் கையெழுத்திட்டது. பிப்ரவரியில் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டியது. 2025 ஆகஸ்டில் ஆலை திறந்தாயிற்று. இதை மறைப்பது நேர்மை ஆகாது. ஆனால் அந்த வேகத்துக்குக் காரணம் மேடையில் ஓடிய பேனாவா, பக்கத்திலேயே இருந்த துறைமுகமா? ஃபோர்டு கதை இதைத் தெளிவாகச் சொல்கிறது. 1990-களில் ஆரவாரத்தோடு சென்னைக்கு வந்த அமெரிக்க நிறுவனம் அது. 2021-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தபோது, பழைய ஒப்பந்தங்கள் எதுவும் அதன் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. 2024 செப்டம்பரில், முதல்வர் ஸ்டாலினின் அமெரிக்கப் பயணத்தையொட்டி, ஏற்றுமதிக்காக மறைமலைநகர் ஆலையைத் திரும்பப் பயன்படுத்தப் போவதாகச் சொன்னது. பயணம் நல்ல தூண்டுகோல்தான், மறுக்கவில்லை. ஆனால் உற்பத்தியை நிறுத்திய பிறகும் அந்த நிறுவனத்தின் உலக அலுவல்களைக் கவனிக்கச் சுமார் 12,000 பேர் தமிழ்நாட்டில் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அமெரிக்க அலுவலகமும் சென்னை அலுவலகமும் ஒரு நாள்கூடப் பேச்சை விடவில்லை. திரும்பி வர வழி திறந்திருந்தது அதனால்தான். கையெழுத்து இப்படி ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற பேச்சைப் பதிவு செய்யலாம். இல்லாத பேச்சை உண்டாக்காது.

அரசு செய்ய வேண்டியது நிறையவே இருக்கிறது. அதெல்லாம் படம் எடுக்கத் தோதில்லாத வேலை. புளியங்குடியில் விளைகிற எலுமிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரே எலுமிச்சை நகரம் என்று பெயர் வாங்கியது. அதிகாலை மண்டியில் ஏலம், மதியத்துக்குள் லாரி, கணிசமான சரக்கு கேரளத்துக்கு. ஐரோப்பியக் கடைக்கு அதே பழம் போக வேண்டுமென்றால் பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு என்று பரிசோதித்த தாள் வேண்டும், ஒரே அளவில் தரம் பிரிக்கும் கூடம் வேண்டும், குளிர்பதனக் கிடங்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பெட்டி எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று திருப்பிச் சொல்ல ஏற்பாடு வேண்டும். இதில் கடைசியானதுதான் என் வாதத்தின் மையம். பெட்டி அழுகிப்போய்ச் சேர்ந்தது என்று அங்கிருந்து ஒருவர் எழுதினால், அந்த வரி மண்டித் தரகரோடு நின்றுவிடாமல் தோட்டக்காரர் வரை வந்து சேர வேண்டும். ஏன் அழுகியது என்று அவர் சொல்வதும் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆய்வுக்கூடமும் கிடங்கும் கட்ட அரசால் முடியும். சங்கமாகச் சேர்ந்து ஏற்றுமதி செய்கிற விவசாயிகளுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டு நட்டத்தைத் தாங்கிக்கொடுக்கவும் முடியும். ஒரு தூதுக்குழுவின் விமானச் செலவைவிட இதற்கு அதிகம் ஆகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதை உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் அமைச்சரைத்தான் நான் நம்புவேன்.

2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசிக்கும் இனி முதலீட்டாளர் கூட்டங்கள் வரும், மேடை போடுவார்கள், தொகை அறிவிப்பார்கள். போகிறவர்கள் போகட்டும். ஆனால் அந்த மேடையில் எத்தனை கோடி என்று கேட்டுக் கைதட்டிவிட்டு வராதீர்கள். 2015-ல் கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேர் இன்றைக்கும் இங்கே பொருள் வாங்குகிறார்கள், அவர்கள் கடைசியாக அனுப்பிய புகார் என்ன, அதற்கு யார் பதில் எழுதினார்கள் என்று கேளுங்கள்.