பிள்ளைகளின் தட்டும் சமைக்கும் கையும்

பிள்ளைகளிடம் நல்ல உணவுப் பழக்கத்தையும் உடற்பயிற்சியையும் வளர்ப்பது பெற்றோரின் கடமை என்று ஓயாமல் அறிவுறுத்தப்படுகிறது. விடியும் முன்பே தூய்மைப் பணிக்கோ வீட்டு வேலைக்கோ புறப்பட்டுவிடும் தாயின் பிள்ளைக்கு அந்த அறிவுரை காலை உணவாகிவிடாது. ஆகவே இதை நாம் உரிமைப் பிரச்சினையாகவே அணுகுகிறோம்.

தியாகராய நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. 1921 புளியந்தோப்புக் கலவரத்தில் நீதிக்கட்சித் தலைமை ஆதிதிராவிடர் மீது பழி சுமத்தியதையும், எம்.சி.ராஜா பின்னர் அக்கட்சியிலிருந்து வெளியேறியதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் பசித்த பிள்ளைக்கு உணவளிப்பது அரசின் பொறுப்பு என்ற கோட்பாடு அங்கு வேரூன்றியது. நிதியைக் காரணம் காட்டி 1925இல் நிறுத்தப்பட்ட அத்திட்டத்தின் வழியில்தான் 1956இன் மதிய உணவும், 1982இன் சத்துணவும், 2022இன் காலை உணவும் வந்தன.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குமாறு 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே வழக்கில் 2004 ஏப்ரல் 20 அன்று, சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்றது. உணவை மட்டுமன்றி, அதைச் சமைக்கும் கையையும் நீதிமன்றம் கருதிப்பார்த்தது.

நடைமுறை என்ன? 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், ஆதிக்க சாதியினரின் எதிர்ப்புக்குப் பணிந்து தலித் சத்துணவுச் சமையலரை அதிகாரிகள் இடமாற்றம் செய்தனர். போராட்டத்திற்குப் பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 2023இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், தலித் பெண் சமைத்த காலை உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது எனப் பெற்றோர் சிலர் தடுத்தனர். மாவட்ட ஆட்சியரே அங்கு சென்று உண்ண நேர்ந்தது. என்ன உண்பது என்பதோடு, யார் கையால் உண்பது என்பதையும் பிள்ளைகள் வீட்டில்தான் பழகுகிறார்கள். சத்தான உணவைச் சாதியின் பேரால் மறுக்கப் பழக்குவது, அப்பிள்ளைகளின் உடல்நலத்திற்கும் இழைக்கும் தீங்கு.

உடற்பயிற்சியிலும் இதே பாகுபாடு உண்டு. தியாகராய நகரில் காலை நடைக்குப் பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் உள்ளன. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களோ கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடி நெரிசலில் வாழ்கின்றன. அந்தக் கண்ணகி நகரிலிருந்து சென்ற கார்த்திகா 2025இல் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடினார். அங்கே குறைவாக இருப்பது ஆர்வமன்று, வசதியே. பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது.

எனவே மாணவத் தோழர்கள் தத்தம் பகுதிப் பள்ளிகளில் மூன்றைக் கேட்கலாம்: சமையலர் நியமனத்தில் 2004 ஆணை பின்பற்றப்படுகிறதா? முட்டை நாள்தோறும் தட்டுக்கு வருகிறதா? விளையாடத் திடல் உண்டா? பள்ளி மேலாண்மைக் குழுவில் விடை கிடைக்காவிடில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சமைப்பவரைப் புறக்கணிக்கும் இடத்தில் சமாதானக் கூட்டம் போதாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிய வேண்டும்.