சிலந்தியை மதிக்கக் கலை உதவுமா?



வீட்டு மூலையில் சிலந்தி வலையைக் கண்டதும் நம் கை எதைத் தேடுகிறது? ஒட்டடைக் கம்பை. சிலந்தியே எதிரில் வந்துவிட்டால் செருப்பை! இத்தனைக்கும் சிலந்தியைப் பற்றிப் பாடத்தில் படித்து மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாம். எட்டுக்கால் பூச்சி என்று நாம் அழைத்தாலும், ஆறு கால் உள்ள பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று சிலந்தி என்பதும் நமக்குத் தெரியும். உலகச் சிலந்திகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுதோறும் 40 முதல் 80 கோடி டன் வரை இரையைத் தின்கின்றன என்று 2017இல் விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள். அந்த இரையில் பெரும்பகுதி பூச்சிகளே. இதைக் கேட்டு "அப்படியா!" என்று வியக்கிறோம். ஆனால் ஓங்கிய செருப்பு மட்டும் கீழே இறங்குவதில்லை.

காரணம் என்ன? தகவல் அறிவுக்குப் போகிறது; அச்சமும் அருவருப்பும் மனத்தில் வேறோர் இடத்தில் குடியிருக்கின்றன. அந்த இடத்தை எட்ட அறிவியலுக்குக் கலையின் துணை வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எந்தக் கலையானாலும் போதுமா? இரண்டு முயற்சிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது மடகாஸ்கர் தீவில் நடந்தது. சைமன் பியர்ஸ், நிக்கோலஸ் காட்லி என்ற இருவர், பொன்னிற இழை நூற்கும் சிலந்திகளைப் பிடித்துவரச் செய்தார்கள். கையால் சுற்றும் சிறு கருவியின் உதவியால் இழையை உருவி எடுத்த பின், சிலந்திகளை மீண்டும் வெளியே விட்டார்கள். அந்த இழையில் நெய்த மேலங்கி ஒன்று 2012இல் லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அதற்குப் பயன்பட்ட சிலந்திகள் சுமார் 12 லட்சம்! சாயம் எதுவும் தோய்க்காமலே அங்கி தங்கமாய் மின்னியது. கண்டவர்கள் மலைத்தார்கள். ஆனால் எதைக் கண்டு மலைத்தார்கள்? துணியைக் கண்டு. சிலந்தி அங்கே வெறும் மூலப்பொருள்தான்.

இரண்டாவது முயற்சி வேறு விதமானது. டோமாஸ் சரசேனோ என்ற அர்ஜென்டினக் கலைஞர், சிலந்தி முப்பரிமாணத்தில் பின்னும் வலையை அப்படியே அளந்து பார்க்க விரும்பினார். தனியே அவரால் முடியவில்லை. ஜெர்மனியிலுள்ள டார்ம்ஷ்டாட் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் துணைக்கு வந்தார்கள். மெல்லிய லேசர் ஒளித் தகட்டை வலையின் குறுக்கே செலுத்தி, துண்டு துண்டாகப் படம் பிடித்து, கணிப்பொறியில் ஒன்று சேர்த்தார்கள். "பிளாக் விடோ" என்னும் நச்சுச் சிலந்தியின் வலை, 2010இல் ஸ்டாக்ஹோம் நகரில் கயிறுகளால் ஓர் அறை நிறைய விரிந்தது. கண்டாலே நடுங்கும் பிராணியின் கைவேலையை மக்கள் நின்று நிதானமாகப் பார்த்தார்கள்.

பயன் கலைக்கு மட்டுமா? இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த மார்கஸ் ப்யூலரும் குழுவினரும் சரசேனோவுடன் சேர்ந்து, கூடாரம் போல வலை கட்டும் ஒரு சிலந்தியின் வலையை ஆராய்ந்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் கலைஞரும் ஒருவர்! பின்னர் வலையின் இழைகளுக்கு ஒலிகளைப் பொருத்தி இசையாகவும் கேட்கச் செய்தார்கள். வலை பின்னும் சிலந்திகளுக்குப் பொதுவாகக் கண்பார்வை மங்கல். இழையின் அதிர்வைக் கால்களால் உணர்ந்தே அவை இரையையும் துணையையும் அறிகின்றன. அந்த அதிர்வு உலகத்தை நாம் ஓரளவு கற்பனை செய்ய இந்த இசை வழி காட்டுகிறது.

"சிலந்தி உணர்வது இந்த இசையையா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! இல்லை. இழைகளின் அமைப்பு அளவீடு. அதற்குப் பொருத்திய ஒலி மனிதர் தேர்ந்தெடுத்தது. இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்லும் கலையே அறிவியலுக்கு நண்பன். சிலந்தியைச் சிலந்தியாகவே காட்டுவதால் இரண்டாவது முயற்சியையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

இதற்கு லேசர்தான் வேண்டும் என்பதில்லை. பென்சிலும் தாளும் போதும். முதலில் நினைவிலிருந்து ஒரு வட்ட வலையை வரையுங்கள். பிறகு தோட்டத்தில் ஒரு வலையைத் தொடாமல், ஊதாமல், அருகிருந்து பார்த்து வரையுங்கள். நம்மில் பலர் நினைவில் வரைவது ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டங்கள். உண்மையான வலையிலோ, நடுவிலிருந்து விரியும் ஆரங்களின் மேல் சுருளாகச் சுற்றிச் செல்லும் இழையைக் காண்பீர்கள். ஒட்டும் தன்மை அந்தச் சுருளுக்கே உண்டு, ஆரங்கள் ஒட்டுவதில்லை. படித்தபோது மறந்துபோனது, வரைந்தபின் மறக்காது.

ஓவிய ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே வலையின் முன் மாணவர்களை ஒரு மணி நேரம் நிறுத்தினால் என்ன? அந்த ஒரு மணி நேரம் பொறுமையாகப் பார்த்த உயிரை அடித்துக் கொல்ல யாருக்கும் எளிதில் மனம் வராது. உங்கள் பள்ளியில் இதைக் கேட்டுப் பாருங்களேன்!