ஒரே கடை போதுமா?

ஸ்டீம் டெக் வைத்திருப்பவர் ஸ்டீமில் மட்டும் கேம் வாங்கினால் போதும், எபிக், ஜிஓஜி என்று வேறு கடைகளுக்குப் போனால் தலைவலிதான் என்ற பேச்சு கையடக்கக் கேமிங் கருவிக்காரர்களிடையே வேதவாக்காகிவிட்டது. தலைவலி உண்மை. அதை உண்டாக்குவது இரண்டாவது கடை என்பதுதான் பொய். அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லாவை ஸ்டீமிலேயே காசு கொடுத்து வாங்கிப் பாருங்கள். பிளே பொத்தானை அழுத்தியதும் கேமுக்கு முன்னால் யூபிசாஃப்ட் கனெக்ட் என்ற லாஞ்சர் வந்து நிற்கும். மவுஸையும் கீபோர்டையும் மனதில் வைத்துச் செய்த ஜன்னல் அது. ஏழு அங்குலத் திரையில் பொடி எழுத்தைப் படித்து, டிராக்பேடைத் தடவிக் கட்டத்தைப் பிடித்து, திரைக் கீபோர்டில் பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகக் குத்த வேண்டும். ஒரே கடையில் வாங்கிய விசுவாசிக்குத்தான் இந்தத் தண்டனை! இதேபோல் ஒரு லாஞ்சர் வைத்திருந்த டூ-கே நிறுவனம் 2024இல் அதைத் தன் கேம்களிலிருந்து கழற்றியது. அந்தக் கேம்கள் இப்போதும் ஓடுகின்றன. அப்படியானால் அந்த லாஞ்சர் ஆட்டக்காரருக்காக இருந்ததே இல்லை.

மற்ற கடைக் கேம் டெக்கில் ஒழுங்காக ஓடாது என்பார்கள். டெக்கில் இருப்பது லினக்ஸ். விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானை, ஸ்டீமை நடத்தும் வால்வ் 2018இல் திறந்த மூலமாகவே வெளியிட்டது; அதை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஹீரோயிக் என்ற இலவச லாஞ்சர் அந்த வழியில்தான் எபிக், ஜிஓஜி கேம்களை ஓட்டுகிறது. டெக்கின் டெஸ்க்டாப் மோடுக்குப் போய் டிஸ்கவர் என்ற ஆப் கடையில் அதை இறக்கி, கணக்கில் நுழைந்து, கேமை நிறுவி, ஸ்டீமில் சேர்க்கும் வசதியைத் தட்டினால் அது மற்ற கேம்களோடு வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். முதல் முறை சற்று மெனக்கெட வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மெனக்கெடலுக்குக் காரணம் எபிக்கின் அலட்சியம். தங்கள் கேமான ஃபோர்ட்நைட்டை டெக்குக்குக் கொண்டுவரப்போவதில்லை என்று எபிக்கின் தலைவர் டிம் ஸ்வீனி 2022இலேயே சொல்லிவிட்டார். தன்னார்வலர்கள் செய்துகாட்டிய வேலையை அவ்வளவு பெரிய நிறுவனம் செய்யாததைக் கண்டிக்க வேண்டுமே தவிர, கடையே வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

வால்வ் நல்ல நிறுவனம், அது ஒன்றே இருந்தால் என்ன குறை என்பதுதான் கடைசி வாதம். நல்ல நிறுவனம்தான். ஆனாலும் விற்பனையில் 30 சதவீதம் அதன் பங்கு. 2018 டிசம்பரில் எபிக் 12 சதவீதத்தோடு கடை திறந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் வால்வ் தன் பங்கைக் குறைத்தது, அதுவும் 1 கோடி டாலருக்கு மேல் விற்கும் கேம்களுக்கு மட்டும். சிறிய படைப்பாளிக்கு இன்றும் அதே 30தான். வாங்குபவருக்கும் இதில் சங்கதி இருக்கிறது: ஸ்டீமில் கிடைப்பது உரிமம் மட்டுமே என்று 2024 முதல் அதன் கார்ட்டிலேயே எழுதியிருக்கிறது. ஜிஓஜியிலோ இன்ஸ்டாலரை இறக்கி நம் டிரைவிலேயே வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கேமையும் ஒரே கணக்கில் பூட்டிவைப்பதை வசதி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

எனவே கோபத்தைச் சரியான இடத்தில் காட்டுங்கள். ஸ்டீமில் வாங்கிய கேமை ஒரு லாஞ்சர் மறித்தால், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரம் ஆடி முடிக்கும் முன் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். காரணம் கேட்கும் கட்டத்தில் அந்த லாஞ்சரின் பெயரை எழுதுங்கள்.