வலக்கை நிற்கலாகாது

நாற்பது வயதுக்குப் பின் கிற்றார் கற்க முற்படும் வாசக அன்பர்களுக்கு விரல்நுனி நோவதைவிட மனம் நோவதே அதிகம். பாட்டு நடந்துகொண்டிருக்க, இடக்கை அடுத்த 'கோட்'டைத் தேடித் தடுமாறுகின்றது. வலக்கையும் அதற்காகக் காத்து நிற்கின்றது. தாளம் அறுகின்றது. கூடப் பாடியவர் மௌனமாகிறார். "இனி இந்த வயதில் எதற்கு?" என்று கருவியை மூலையில் சாத்திவிடுவது பெரும்பாலும் இக்கட்டத்திலேதான்.

குற்றம் வயதினுடையதன்று என்பதே நமது துணிபு. இடக்கை பிந்தினால் பிந்தட்டும். வலக்கை மாத்திரம் நிற்கலாகாது. வெறுந் தந்திகள் ஒலித்தாலும் கேடில்லை.

பழகுவதற்குச் சீ மேஜரும் ஏ மைனரும் உகந்தவை. முன்னதில் சுட்டுவிரல் 2ஆம் தந்தியின் முதல் மெட்டிலும், நடுவிரல் 4ஆம் தந்தியின் 2ஆம் மெட்டிலும் இருக்கும். பின்னதிலும் அவை அங்கேயே! 5ஆம் தந்தியின் 3ஆம் மெட்டிலுள்ள மோதிரவிரல் மட்டுமே 3ஆம் தந்தியின் 2ஆம் மெட்டுக்கு நகரவேண்டும். மூன்று விரல்களையும் தூக்கி மீண்டும் வைப்பதாலேயே பலர் பிந்துகின்றனர்.

தாளத்துக்குச் சுவர்க்கடிகாரத்தின் விநாடி ஓசையே போதும். நிமிடத்துக்கு 60 தட்டு. நான்கு தட்டுக்கு ஒரு மாற்றம். வீட்டார் எவ்வளவு வற்புறுத்தினாலும், பைலாவின் துள்ளல் நடையை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.