வீட்டு விஞ்ஞானம்: பூஸ்டர் பூட்டினால் படம் உடைவது ஏன்?

கேபிள் கட்டணம் சுமையாக இருக்கும் புதுக் குடும்பங்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்வது, ஓர் அன்ரனா வாங்குங்கள் என்பதுதான். ரொறன்ரோவில் 553 மீற்றர் உயரமான சி.என். கோபுரத்திலிருந்து பல அலைவரிசைகள் மாதக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் சில வீடுகளில் ஒரு முறைப்பாடு: "சக்தி கூடிய பூஸ்டர் வாங்கிப் பூட்டினோம். படம் சதுரம் சதுரமாக உடைகிறது!"

இது ஊர்ப் பழக்கத்தால் வந்த வினை. ஊரில் உயரக் கம்பம் நட்டு, பூஸ்டர் பூட்டி, கடல் தாண்டி வந்த தூரதர்ஷனைப் பிடித்தோம். அங்கே அலை மெலிந்து வந்தது. இங்கே பலருக்குக் கோபுரம் ஜன்னலிலேயே தெரிகிறது.

கோவில் திருவிழாவில் ஒலிபெருக்கியை முழுவதும் திருகிவிட்டால் என்ன நடக்கும்? நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாகிக் கரகரக்கும். பூஸ்டரும் ஒரு பெருக்கிதான். உள்ளே வருவது இரு மடங்கானால், வெளியே போவதும் இரு மடங்காக வேண்டும். இதுவே நேர்கோட்டுத் தன்மை. அளவுக்கு மிஞ்சினால் இந்த ஒழுங்கு குலையும். உள்ளே வந்த அலைகள் ஒன்றோடொன்று கலந்து, எவரும் ஒலிபரப்பாத போலி அலைகளைப் பிறப்பிக்கும்.

உதாரணமாக, எப்.எம். வானொலியின் 100, 101 மெகாஹேர்ட்ஸ் அலைகள் பலமாக நுழைந்தால், 99இலும் 102இலும் போலிகள் தோன்றும். (100இன் இரு மடங்கில் 101ஐக் கழித்துப் பாருங்கள்.) இரண்டையும் கூட்டிய 201இலும் ஒன்று தோன்றும். அது தொலைக்காட்சிக்குரிய 174–216 மெகாஹேர்ட்ஸ் பகுதிக்குள் விழுந்து படத்தைக் கெடுக்கும்.

பழைய அனலொக் படத்தில் இக்கோளாறு கோடுகளாகத் தெரியும். 2011இல் கனடாவின் பெருநகரங்கள் டிஜிற்றலுக்கு மாறின. இப்போது அலை போதாவிட்டாலும் படம் உடைகிறது, மிஞ்சினாலும் உடைகிறது. வித்தியாசம் தெரியாமல் இன்னும் பெரிய பூஸ்டர் வாங்கிக் காசைக் கரைக்கிறோம்.

வைத்தியம் குறைப்பதுதான். உள்ளே வரும் சக்தியைப் பத்தில் ஒன்றாக்கினால் உண்மை அலையும் பத்தில் ஒன்றாகும். 201 போன்ற போலி நூறில் ஒன்றாகும். 99, 102 போன்றவை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும்.

செய்ய வேண்டியவை:

1. பூஸ்டரைக் கழற்றி, அன்ரனாவை நேரே தொலைக்காட்சியில் பூட்டுங்கள். மின்சாரத்தை மட்டும் நிறுத்தினால் போதாது; சில பூஸ்டர்கள் அப்போது அலையையே மறித்துவிடும்.

2. அன்ரனாவைக் கோபுரம் இருக்கும் பக்க ஜன்னலில் வைத்து, அலைவரிசைகளை மீண்டும் தேட விடுங்கள்.

3. வயர் நீளமென்பதால் பூஸ்டர் தேவையானால், அன்ரனாவுக்கும் பூஸ்டருக்கும் இடையில் எப்.எம். பில்ற்றர் ஒன்றைப் பூட்டுங்கள். போதாவிட்டால் 10 டெசிபல் அற்றெனுவேற்றர் ஒன்றையும் சேருங்கள். பூஸ்டருக்குப் பின்னால் பூட்டிப் பயனில்லை. போலி அதற்குள் ஏற்கனவே பிறந்துவிடும்.

படம் தெளியாவிட்டால் மட்டுமே அலை போதவில்லை என்று எண்ணுங்கள். கேபிள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன்னர், இந்தப் பரிசோதனையைச் செய்து பாருங்கள்.