அண்ணாச்சி இல்லாத ஊரில் அட்வான்ஸ்

கயத்தாறு பக்கம் வீடு பார்க்கப் போகிறவர் வாடகையைக் கேட்ட கையோடு கேட்பது, "அட்வான்ஸ் எவ்வளவு, அண்ணாச்சி?" மொத்தமாகப் பணம் வைத்திருப்பவர் ஒத்திக்குப் போவார். சில லட்சங்களைக் கொடுத்து வாடகையில்லாமல் குடியிருந்து, கெடு முடிந்ததும் முழுத்தொகையையும் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். அட்வான்ஸில் அந்தச் சுத்தம் கிடையாது. காலி செய்கிற அன்று வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை, உடைந்த குழாய், கரண்ட் பாக்கி என்று கழித்துக்கொண்டே வருவார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்கிறது. அந்த 'இல்லாவிட்டால்' வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் உள்ளே வருகிறது.

ஆனாலும் பணம் பெரும்பாலும் கைக்கு வந்துவிடுகிறது. சட்டத்துக்குப் பயந்து அல்ல. வீட்டுக்காரர் அதே பஜாருக்குத்தான் வருவார், புரோக்கர் அதே டீக்கடையில்தான் உட்கார்ந்திருப்பார், நாலு பேருக்கு விஷயம் தெரியும்.

இங்கே வாடகைக்கு இருக்கும் குடும்பம் விடுமுறைக்கு வெளிநாட்டில் ஒரு வாரம் வீடு எடுக்கும்போது அந்த நாலு பேர் இல்லை. சட்டம் காக்குமா என்றால், இங்கிலாந்தில் 2007 ஏப்ரலிலிருந்து, வாடகைக்குக் குடிவருகிறவரின் டெபாசிட்டை வீட்டுக்காரர் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். சேர்க்காதவர் டெபாசிட்டைப்போல் மூன்று மடங்கு வரை கொடுக்க நேரலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் விடுமுறை வீடுகளுக்கு அது பொருந்தாது. சுற்றுலாப் பயணி அங்கே குடித்தனக்காரரும் அல்ல, லாட்ஜ் விருந்தாளியும் அல்ல.

ஆகவே பணத்தை எந்த வழியில் கேட்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிரெடிட் கார்டில் தொகையை நிறுத்தி மட்டும் வைத்தால் பணம் கணக்கை விட்டுப் போவதில்லை. சேதம் இல்லையென்றால் சில நாளில் தானாக விடுபடும். டெபிட் கார்டில் அதே தொகையை நிறுத்தினால் பயணச் செலவுக்கான ரொக்கம் முடங்கும். நிறுத்தாமல் எடுத்தே விட்டால் இன்னொரு கணக்கு: 300 பவுண்ட் டெபாசிட்டுக்கு வங்கி மூன்றரை சதவீத அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடித்தால் பத்தரை பவுண்ட், அதன் மேல் ஜிஎஸ்டி. வீட்டுக்காரர் யோக்கியமாக 300-ஐயும் அனுப்பினாலும் பல வங்கிகளில் அந்தக் கட்டணம் திரும்புவதில்லை. திரும்புகிற நாளின் மாற்று விகிதம் வேறு.

கார்டு வேலை செய்யவும் வேண்டுமே. 2020 அக்டோபரிலிருந்து இந்திய வங்கிகளின் புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வருகிறது. செயலியில் போய்த் திறந்துவிடாதவர், நள்ளிரவில் அந்நிய ஊர் வாசலில் பெட்டியோடு நின்று திறக்கப் பார்ப்பார்.

மூன்றாவது வழி வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொல்வது. இதற்கு ஒரே பதில்: வேண்டாம். ஏர்பிஎன்பி என்ற வாடகைத் தளத்தில் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் தனியாக டெபாசிட் கேட்கக்கூடாது. சேதம் இருந்தால், காலி செய்த 14 நாளுக்குள் அந்த நிறுவனம் வழியாகத்தான் கோர வேண்டும். விருந்தாளி பதில் சொல்லக் கிடைப்பது 24 மணி நேரம். அதற்குள் எடுத்துக் காட்ட, சாவி வாங்கியதும் பிடித்த வீடியோ வேண்டும்: கீறல் விழுந்த மேசை, கறைபட்ட மெத்தை, ஓடாத ஏசி. நம்மூரில் சுவரைப் பார்த்துப் பேரம் பேச ஆள் இருக்கிறார். அங்கே வீடியோதான் பேசும்.

தமிழர்கள் அதிகம் போகும் சிங்கப்பூரில் விவகாரமே வேறு. தனியார் குடியிருப்புகளைத் தொடர்ந்து மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது என்பது 2017 ஜூன் முதல் விதி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளைச் சுற்றுலாப் பயணிக்கு விடவே முடியாது. 2018-இல் இப்படிக் குறுகிய காலத்துக்கு விட்ட இருவருக்குத் தலா 60,000 சிங்கப்பூர் டாலர் அபராதம். "லிட்டில் இந்தியா பக்கத்தில் சொந்தக்காரர் ஃபிளாட், ஒரு வாரத்துக்கு, டெபாசிட் முதலில்" என்று வாட்ஸ்அப்பில் வருகிற படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவர், அதைத் திரும்பக் கேட்டு எந்த அலுவலகத்தில் போய் நிற்பார்? அதே லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையை ஒட்டி உரிமம் பெற்ற சின்ன ஹோட்டல்கள் இருக்கின்றன.